மேனேஜர் தொடாத பொறை

எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் ஞானையா. கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவர். “மேனேஜர், உட்காரு” என்று தான் சொல்லி ஒருத்தன் உட்காருவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பதினோரு வருடமாக அது தினமும் நிறைவேறியது. போன சனிக்கிழமையோடு முடிந்தது.

அன்று காலையில்கூட அவரோடு வாக்கிங் போய்விட்டுத்தான் வந்தான். மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்திருக்க முடியாமல் ஹாலில் கிடந்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் தாம்பரத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். உள்ளே எங்கேயோ ரத்தம் கொட்டுகிறது என்று புரிந்துவிட்டது.

மேடவாக்கத்தில் இருக்கிற நாய் டாக்டரிடம் ஓடினோம். மண்ணீரலில் கட்டி வளர்ந்து, அது உடைந்துவிட்டது என்றார். “கொஞ்ச நாளா சாப்பாடு குறைஞ்சிருந்துச்சா?” என்று கேட்டார்.

“பன்னெண்டு நாளா பாதி வட்டில்தான் டாக்டர். இவர் காலையில வெளியே கோழி எலும்பு, அது இதுன்னு கண்டதையும் போடுறார், அதனாலன்னு விட்டுட்டேன்” என்றேன்.

ஞானையா திரும்பி என்னைப் பார்த்தார்.

“அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ரெண்டு மூணு மாசம் கூட இருந்திருப்பான்” என்றார் டாக்டர். அதற்குள் மேனேஜர் மேசை மேலேயே போய்விட்டான்.

கேளம்பாக்கத்தில் என் தங்கை ரோஸியின் மனையில் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, காரில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கண்டதையும் போட்டுப் போட்டு நீங்கதான் அவனை அனுப்பி வெச்சீங்க” என்றேன். கோழி எலும்புக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று என் படிப்புக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. அவர் வாக்கிங் போவதையும் நிறுத்திவிட்டார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவன் வெளியே என்ன தின்றான்? வயிறு நிறையத் தின்றிருந்தால், சனிக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தான், நான் எதையும் கோட்டை விடவில்லை என்று அர்த்தம். தின்னவில்லை என்றால், பன்னிரண்டு நாள் நோய் என் கண் எதிரே வட்டிலில் கிடந்திருக்கிறது; ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறவள் அதைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவருடைய வாக்கிங் பேன்ட்டைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் தூள் தூளாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தேன். பொறை. டீக்கடை பாட்டிலில் இருக்குமே, அந்தக் காய்ந்த பிஸ்கட். தாம்பரத்துத் தெருநாய்களில் பாதி அதைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. ஆனால் நாய்க்கு வாங்கியது பாக்கெட்டுக்கு ஏன் வந்தது? சேலையூர் ஏரிப் பக்கம் ஒரு சுற்று சுற்றி வர இருபத்தைந்து நிமிடம் போதும். இவர்கள் இரண்டு பேரும் தினமும் ஒரு மணி நேரம் எங்கே போனார்கள்? இதையெல்லாம் ஏன் நான் முன்பே யோசிக்கவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மேனேஜரின் சங்கிலியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு போக முடியவில்லை, அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் முனையில் இருக்கிற யாசீனின் கோழிக்கடை மேல். யாசீன் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயை நிறுத்தினார்.

“நான் ஒரு நாளும் எதுவும் போட்டதில்லக்கா. கழுத்துத் துண்டு தர்றேன்னாகூட சார் வேணாம்பாரு. வீட்ல திட்டுவாங்கன்னு பயம். நேரா சிட்டிபாபு கடைக்குத்தான் போவாரு.”

சிட்டிபாபு டீக்கடை கேம்ப் ரோடு திருப்பத்தில் இருந்தது. சிட்டிபாபுவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையில் இருந்த சங்கிலியைப் பார்த்துவிட்டார்.

“மேனேஜர் சார் எங்கம்மா? அஞ்சாறு நாளா ஆளையே காணோம்.”

“இறந்துட்டான்.”

அவர் அடுப்பைச் சின்னதாக்கினார். “இன்னாம்மா சொல்றீங்க” என்று மட்டும் சொன்னார். பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்தார்.

“இங்க அவனுக்கு என்ன குடுப்பீங்க?”

“ரெண்டே ரெண்டு பொறை. வேற ஒண்ணும் கெடையாது. சாருக்குத்தான் ரெண்டு போண்டா, சக்கரை தூக்கலா ஒரு டீ.”

ஞானையாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வீட்டில் பாகற்காயும் கேழ்வரகும் தின்றும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, போன முறை மெஷின்தான் கெட்டுவிட்டது என்று அவர் ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினேன். மெஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

என் முகம் போன போக்கைப் பார்த்து சிட்டிபாபு, “நான் எதுனா தப்பா சொல்ட்டனா?” என்றார்.

“இல்ல, சொல்லுங்க. பொறையை நல்லா சாப்பிட்டானா?”

“மின்னாடியெல்லாம் ஒரே கடில முடிச்சிடும். கடேசி பத்துப் பன்னெண்டு நாளாதான் சும்மா மோந்து பாத்துட்டு சார் கால்கிட்ட படுத்துகினு கீது. இன்னா சார் துன்ன மாட்டேங்குதுன்னு கேட்டேன். ‘வூட்ல அம்மா வயிறு ரொம்பப் போட்டுடறாங்கப்பா’ன்னாரு. அப்பால அந்தப் பொறைய எடுத்து பாக்கெட்ல போட்டுக்கினாரு.”

நான் அங்கேயே அழுதேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் பார்க்க அழுதேன். ஞானையா, அவன் வீட்டில் தின்றான் என்று நினைத்திருக்கிறார். நான் வெளியே தின்றான் என்று நினைத்திருக்கிறேன். வயிறு கொஞ்சம் பெருத்திருந்ததைக்கூட, திருட்டுத் தீனி தின்ற வயிறு என்றுதான் கணித்தேன். என்றைக்காவது இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று வட்டில் விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. போண்டா குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பொறை விஷயத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை. நடுவில் அந்த வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்தது.

சிட்டிபாபு கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். “அதுக்கு வெக்கறதுதான்” என்று இரண்டு பொறையைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஞானையா நாற்காலியில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் பிரிக்கப்படவே இல்லை. பொட்டலத்தை டீப்பாய் மேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கிளம்பும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“என்கிட்டயும் அவன் சாப்பிடல. உங்களைக் கையும் களவுமா பிடிக்கணும்னு சொல்லாம இருந்தேன்” என்றேன்.

“டாக்டர்கிட்ட நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, டெபோரா. ரெண்டு போண்டாவுக்காக...” அதற்கு மேல் முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் போய் அவர் நாற்காலிக்குக் கீழே, மேனேஜர் படுக்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்தேன். அவன் முடி இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

துண்டை விலக்கினார். “இன்னொண்ணும் சொல்லிடுறேன்” என்றார். “ஒரு மாசமா இடது கால் விரலெல்லாம் மரத்துக் கெடக்கு. செருப்பு கழண்டா தெரியல. சொன்னா சர்க்கரையைக் கேப்ப, சர்க்கரைன்னா போண்டா...”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அதைவிட வேகமாகக் கை போய்விட்டது. அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கட்டைவிரல் ஓரத்தில் அவருக்கே தெரியாமல் ஒரு சின்னப் புண் இருந்தது. அதைத் தொடாமல் சுண்டு விரலை அழுத்தினேன்.

“தெரியுதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாம சொல்லுங்க.”

“சத்தியமா தெரியல.”

அடுத்த விரலை அழுத்தினேன்.