வெள்ளை இதழ்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், மலாக்கா காஜா பேராங் தெருக் கூடமொன்றில் திபெத்து பிக்கு ஒருவர் வண்ண மணலால் மண்டலக் கோலம் போட்டார். முடிந்ததும் அதைக் கூட்டி ஆற்றில் கரைத்துவிடுவாராம். ஊரே வாய்பிளந்து பார்த்தது. செல்லாயிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் வாசலில் கோலம் போட்டால் சைக்கிள்காரன்கூடச் சுற்றித்தான் போவான், அந்தத் திமிர். "ஒரு கோலத்துக்கு நாலு நாளா? எனக்கு அரை மணி போதும்!" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள்.

நான்காம் நாள் பிக்கு சாப்பிடப் போனபோது அதன் நடுத் தாமரையில் ஓர் இதழ் நிரம்பாமல் கிடந்தது. வெள்ளை மணல் தீர்ந்துவிட்டதாக்கும் என்று, செல்லாயி வீட்டிலிருந்து பச்சரிசி மாவைக் கொண்டுவந்து யாரும் பார்க்காமல் நிரப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அந்த இதழ் முழுக்க எறும்பு மொய்த்தது. "சீனியைக் கொட்டினது நீதானே?" என்று கூடத்துக்காரர், கோப்பி ஊற்றும் அலமேலுவைப் பிடித்துக் கத்தினார். அவள் இல்லையென்று அழுதாள். செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்ட வந்த பிக்கு துடைப்பத்தைக் கீழே வைத்தார். ஓர் எறும்பும் சாகக் கூடாதென்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டார். கடைசி எறும்பு போக மத்தியானம் ஆனது. அதன் பிறகே மணலைக் கூட்டி, ஆற்றுக்குக் கொண்டுபோகுமுன் ஆளுக்கொரு பிடி கொடுத்தார். செல்லாயி கை நீட்டக் கூசிப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அலமேலு தேடி வந்து, தன் பங்கில் பாதியை அவள் உள்ளங்கையில் கொட்டினாள்.

"உங்களுக்குக் கிடைக்கலையேக்கா."

வியர்த்த கையில் மணலைவிட மாவுதான் ஒட்டியது.