பாக்கி இருந்த சொல்

கோவிந்தப்பனுக்கு மூக்கு மேல் கோபம். தளிப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்காரன் மகனாகப் பிறந்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டி, அங்கே தொழிற்சங்கத்துக்குச் செயலாளராகவும் ஆனவனுக்கு அந்தக் கோபம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. எண்பத்தாறாம் வருஷம் அதே கோபம்தான் அவன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

அந்தக் கம்பெனியில் சங்கத்துக்காரனை வெளியே அனுப்ப ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். ஒருவனைப் பக்கத்தில் விட்டுச் சீண்டச் சொல்வார்கள். சங்கத்துக்காரன் கை ஓங்கினால் அன்றைக்கே வேலை போகும். சீண்டியவனை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்டால், வாயால்தானே சொன்னான் என்பார்கள். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. வாயால் சொன்னால் வலிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது? கோவிந்தப்பனுக்கு முன்னால் செயலாளராக இருந்த எல்லப்பன் இப்படித்தான் போனான். இப்போது வேப்பனப்பள்ளியில் மாந்தோப்புக்குக் காவல் இருக்கிறான்.

கோவிந்தப்பன் வேலை செய்த வரிசைக்கு சௌந்தரராஜன் என்ற புது சூப்பர்வைசர் வந்ததுமே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வந்த அன்றே அவன், "என்னப்பா தலைவரே, உங்கப்பா எந்தப் பண்ணையில மாடு ஓட்டினாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கோவிந்தப்பன் கையில் ஸ்பேனர் இருந்தது. பக்கத்து மெஷின் முனிசாமி ஓடிவந்து தோளைப் பிடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கோவிந்தப்பன் மனைவி ரங்கம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் திட்டறேன். நீ உக்காந்து கேளு," என்றாள்.

"எதுக்கு?"

"மரத்துப் போவட்டும். தெனம் கேட்டா, அவன் சொல்றது உனக்குப் பழசாயிடும்."

அவன் சிரித்தான். ஆனாலும் உட்கார்ந்தான்.

வேலை விட்டு வந்ததும் தினமும் இதுவே வழக்கமாயிற்று. ரங்கம்மா தமிழில் திட்டினாள், தெலுங்கில் திட்டினாள், கன்னடத்தில் திட்டினாள். மூன்றிலும் திட்டத் தெரியாதவர்கள் ஓசூர்ச் சந்தையில் பேரம் பேச முடியாது. நாயே, பேயே, சோம்பேறி என்று அவள் அடுக்க, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திட்டு என்பது தெருவில் போகிற யாருக்கும் பொருந்தும். அதில் கோபம் வந்தாலும் நிலைக்காது. சீண்டுவது வேறு. அதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தவர்களுக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

ரங்கம்மாவுக்கு அவனைத் தெரியும். ஒருநாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"உங்கப்பன் பண்ணை வீட்டு வாசல்ல செருப்பைக் கையில வெச்சிக்கினு நின்னாரு. நீ ஆபீஸ் வாசல்ல நிக்கற. என்னா வித்தியாசம்?"

அவன் சிரிப்பு நின்றது. கை தானாக மடங்கியது. அவள் மறுநாளும் அதையே சொன்னாள், அதற்கு மறுநாளும் சொன்னாள். போகப்போக அதைக் கேட்டுக்கொண்டே பீடி பற்றவைக்க அவன் பழகிக்கொண்டான். பிறகு சாதியைச் சொன்னாள். வேலைக்காக அவன் யார் யார் காலில் விழுந்தான் என்று சொன்னாள். ஒவ்வொன்றும் முதலில் சுட்டது, பிறகு ஆறிப்போனது. சௌந்தரராஜனிடமும் இதே சரக்குதான் இருந்தது. கோவிந்தப்பன் தலை நிமிராமல் மெஷினை ஓட்டினான்.

ஒரு சாயங்காலம் அவனே சொன்னான். "இன்னும் ஒன்னு பாக்கி இருக்குது."

ரங்கம்மாவின் கை நின்றது. "அது வேணாம்."

"அவன் சொல்லுவான். ஊருக்கே தெரியும். மொதல்ல நீ சொல்லு."

அது செல்லியைப் பற்றியது. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண். நடக்கப் பழகிய வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ரங்கம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனி கேட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். கோவிந்தப்பன் ஷிப்ட் முடிந்துதான் வந்தான். அதற்குள் குழந்தை போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவள் உரித்த காயை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"புள்ள அங்க சாவக் கெடந்தப்ப இரும்பைக் கடைஞ்சிக்கினு நின்னவன் நீ. நீயெல்லாம் ஒரு அப்பனா?"

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது அவளையே பயமுறுத்தியது. மற்றதையெல்லாம் யோசித்துச் சொன்னாள், இது தானாக வந்தது. கோவிந்தப்பனுக்குக் கோபம் வரவில்லை. எழுந்து வெளியே போனான். அத்தோடு திட்டுகிற வழக்கம் நின்றது. சோறு, தண்ணீர் என்பதைத் தவிர வீட்டில் அதிகம் பேச்சில்லை.

சௌந்தரராஜனும் செல்லி விஷயத்துக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. டீ நேரத்தில், பத்துப் பேர் பார்க்க, கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

"பெத்த பொண்ணு செத்தப்பக்கூட மெஷினை நிறுத்தாத ஆளாச்சே. ஸ்டிரைக்குன்னா மட்டும் நிறுத்திடுவியா?"

முனிசாமி கண்ணை மூடிக்கொண்டான். கோவிந்தப்பன் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவி வைத்தான். மெஷினுக்குத் திரும்பிப் போனான்.

சங்கத்தில் அன்று அவனைக் கொண்டாடினார்கள். கல் மாதிரி நின்றான் என்றார்கள். இனிச் சீண்டிப் பயனில்லை என்று சௌந்தரராஜனை வேறு பிரிவுக்கு மாற்றப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. வேலை தப்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவன் கதவருகிலேயே நின்றான்.

"சொல்லிட்டான்," என்றான். "நான் கை ஓங்கல."

"கோபம் வரலியா?"

"அவன் வாய்தான் அசைஞ்சுது. எனக்கு உன் கொரல்தான் கேட்டுது. அப்புறம் யாரை அடிக்கறது?"

ரங்கம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள்.

"அன்னிக்கு என்னைப் பழக்கறதுக்குச் சொன்னியா, நெசமாவே சொன்னியா?"

பழக்கத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீடு பழையபடி ஆகியிருக்கும். ரங்கம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"நெசந்தான்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். உள்ளே வந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப இன்னொரு வாட்டி சொல்லு. இந்தத் தடவ நான் பதில் சொல்லணும்."

அவள் எதிரே வந்து உட்கார்ந்து சொன்னாள். இந்தத் தடவை குரல் உடைந்தது.

"சேதி அப்பவே வந்துடுச்சு," என்றான் கோவிந்தப்பன். "பர்மனென்ட் ஆவற மாசம். பாதியில போனா பேரை எடுத்துடுவானுங்களோன்னு இருந்துச்சு. காய்ச்சல்தானே, சாயங்காலம் போயிக்கலாம்னு நின்னுட்டேன். பயந்துட்டேன், ரங்கம்மா."

ஊரே கோபக்காரன் என்று சொன்ன மனிதன். பயந்துவிட்டேன் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டதில்லை. அவன்மேல் இருந்த ஆத்திரம் அவளுக்குத் தீரவில்லை. ஆனாலும் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லி போனபிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.