கர்சர் நிற்கும் இடம்

போன் அடித்தபோதே அது ஆலீஸ் சேச்சிதான் என்று லேகாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. தொடங்கும் நேரத்தில் நெய்யாற்றின்கரையிலுள்ள அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை. சென்டரை நடத்தும் ஜெயதாஸ் ரிசீவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மக்கா, இது பின்னயும் நிக்குது," என்றாள் ஆலீஸ். "வயசு கேக்கிற பெட்டியில நிக்குது. பிள்ளைக்கு மூணு மாசமாக்கும். மூணுன்னு அடிச்சா மூணு வயசுன்னு எடுத்துக்கிடும்லா?"

"உதவிக்கு எஃப் ஒன் அமுக்கினியளா சேச்சி?"

"அமுக்கினேன். அது வெல்கம்னு சொல்லுது."

லேகா கண்களை மூடிக்கொண்டாள். அந்த வெல்கம் அவள் எழுதியதுதான். உதியன்குளங்கரையில் புதிதாக வந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் புரோகிராம், அவள் யாருடைய துணையும் இல்லாமல் முழுதாகச் செய்த முதல் வேலை. விண்டோஸ் தொண்ணூற்றைந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சாம்பல் நிறப் பெட்டிகளும் பட்டன்களும் திரையில் வரிசையாக நிற்பதைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருக்கும். உதவிப் பக்கங்களைக்கூட நல்ல இங்கிலீஷில், தலைப்பு தலைப்பாக எழுதி வைத்திருந்தாள். மூன்று மாதக் குழந்தையின் வயதை எப்படிப் பதிவது என்பதும் அதில் இருந்தது. ஆனால் எங்கே நின்று எஃப் ஒன் அமுக்கினாலும் முதல் பக்கம்தான் திறக்கும். அங்கிருந்து தேடிப் போகவேண்டியது அமுக்கியவரின் பாடு.

போனை வைத்ததும் ஜெயதாஸ் சொன்னார்: "ஆஸ்பத்திரி மேனேஜர் ஈசாக் சார் நேத்து போன்ல விளிச்சிருந்தாரு. கியூ ரோடு வரைக்கும் வருதாம். ஓணம் வரைக்கும் பாப்பாராம். அதுக்குள்ள சரியாகலேன்னா ஆலீஸை மாத்திட்டு, கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை ஒண்ணை திருவனந்தபுரத்திலிருந்து எடுப்பாங்களாம். அதுலயும் சரியாகலேன்னா புரோகிராம் திரும்பி வரும்."

மறுநாள் லேகா பஸ் ஏறி உதியன்குளங்கரைக்குப் போனாள். எல்லாம் உள்ளேயே எழுதியிருக்கும்போது ஒரு மனுஷியால் வாசிக்க முடியாதா என்ற எரிச்சல் அவளுக்குள் இருந்தது. ஆலீஸின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பொழியூர்க்காரியான ஆலீஸுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கணவர் வில்பிரட் கடலில் வேலை பார்ப்பவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஆலீஸின் வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து பதிவு மேசை அவளுடையது. லேகா நினைத்திருந்ததுபோல் அவள் விரல்கள் மெதுவானவை அல்ல. பெயரையும் ஊரையும் சடசடவென்று அடித்தாள். ஆனால் ஓகே என்றோ கேன்சல் என்றோ ஒரு பெட்டி குதித்து வந்த உடனே, சூட்டில் பட்டதுபோல் கை பின்வாங்கியது. ஜன்னலுக்கு அப்பால் குழந்தை அழுதது, யாரோ இருமினார்கள், வரிசை நகரவில்லை.

"என்னத்துக்கு சேச்சி இந்தப் பயம்?"

"நான் அமுக்கி எதாவது அழிஞ்சு போச்சுன்னா? ரெஜிஸ்டர்ல தப்பு வந்தா ஒரு வரை வரைஞ்சு பக்கத்துல எழுதலாம். இதுல போனது எங்க போச்சுன்னு எனக்கு அறியாதே." ஆலீஸ் திரையைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "உதவி கேட்டா இது என்னைய கொண்டு பள்ளிமுற்றத்துல நிறுத்துது மக்கா. எனக்கு வேண்டிய ஆளு உள்ள எங்கயோ இருக்கு. வெளிய இத்தனை சீக்காளிய நிக்கும்போ நான் தேடிக்கிட்டு போவ முடியுமா?"

திரும்பி வரும் பஸ்ஸில் லேகாவுக்கு அந்தப் பள்ளிமுற்றமே, சர்ச்சின் முன்வாசலே, மனதில் நின்றது. சிலுவையும் கொடிமரமும் உள்ள முற்றத்தில் ஆலீஸ் வழி தெரியாமல் நிற்கிறாள். இத்தனைக்கும் கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கிறது என்பது புரோகிராமுக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். தெரிந்துகொண்டே அவளை வாசலில் விடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், அதே எண்ணில் உதவிக்குள் ஒரு பக்கம் என்று இரண்டையும் கோர்த்துவிட்டால், வயதில் நின்று கேட்பவளுக்கு வயதைப் பற்றி மட்டும் சொல்லும். அது முடியும் என்று லேகாவுக்கு முன்பே தெரியும். சலிப்பான வேலை என்று விட்டிருந்தாள்.

ஓணம் நெருங்கும்வரை அவளுக்கு அதே வேலையாக இருந்தது. பழைய இங்கிலீஷ் பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் மலையாளமாக, பேசுகிறதுபோல் எழுதினாள். எந்தப் பக்கமானாலும் முதல் வரி ஒரே விஷயத்தைச் சொன்னது: இதை அமுக்கினால் அழியுமா, அழியாதா. அதன் பிறகே மற்றதெல்லாம். ஆலீஸ் போனில் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பேர் அறியாத ஆளு வந்தா என்ன செய்ய என்று ஒருமுறை கேட்டிருந்தாள். அதற்கும் ஒரு பக்கம் எழுதினாள்.

புதியதைப் போட்டுக் காட்டிய அன்று ஈசாக் சாரும் பின்னால் வந்து நின்றார். ஆலீஸ் வயதுப் பெட்டியில் நின்று எஃப் ஒன் அமுக்கினாள். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பக்கம் திறந்தது. ஊர்ப் பெட்டியில் அமுக்கினால் போன் நம்பரைப் பற்றிச் சொன்னது. கடைசி நேரத்தில் நடுவே ஒரு பெட்டியைச் சேர்த்தபோது எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போனதை லேகா கவனிக்கவில்லை. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"பழசைவிட மோசமாக்கும் இது," என்று மட்டும் சொல்லிவிட்டு ஈசாக் சார் தன் அறைக்குப் போனார்.

ஆலீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேகாவின் கையைத் தொட்டாள். "வீடு மாறித் தட்டியிருக்கு, அவ்வளவுதான். தெரு சரியாக்கும். போய் நேராக்கிட்டு வா."

மறுநாளே லேகா நேராக்கிக் கொண்டுவந்தாள். அதன்பின் சென்டரில் போன் அடிப்பது குறைந்தது. குறைந்தது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆலீஸ் கேட்காமல் இருப்பது பதில் கிடைப்பதாலா, மனம் விட்டுப்போனதாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஓணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, விடாமல் மழை பெய்த ஒரு காலையில் ஜெயதாஸ் குடையை மடக்கியபடி படியேறி வந்தார். "பாறசாலையிலிருந்து வந்த பஸ் ஒண்ணு சறுக்கி வயல்ல இறங்கிட்டு. எல்லாரையும் நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறாங்க."

லேகா போனைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. அவளே கூப்பிட்டாள், லைன் கிடைக்கவில்லை. நினைவில்லாமல் கிடப்பவனின் பெயரை யார் சொல்வார்கள்? பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் புரோகிராம் அடுத்ததற்குப் போகாது. அவள்தான் அப்படிப் பூட்டி வைத்திருந்தாள். அங்கே எஃப் ஒன் அமுக்கினால் சரியான பக்கம் வருமா, மறுபடியும் பக்கத்து வீட்டைத் தட்டுமா? சோதித்துப் பார்த்திருந்தாள். ஆனாலும் அந்த ஒரு பெட்டியைச் சோதித்தது இப்போது ஞாபகத்துக்கு வர மறுத்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

சாலை அடைபட்டிருந்ததால் பஸ்ஸை விட்டிறங்கி மழையில் நடந்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவளுடைய சேலை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. பதிவு ஜன்னலில் கூட்டம் இருந்தது, கூச்சல் இல்லை. ஆலீஸ் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இரி மக்கா. இப்ப வாறேன்."

திரையின் ஓரத்தில் உதவி ஜன்னல் சின்னதாகத் திறந்து கிடந்தது. லேகா குனிந்து வாசித்தாள். 'இதனால் ஒன்றும் அழியாது. பேர் தெரியாவிட்டால் அன்நோன் என்று அடி. வயது உத்தேசமாகப் போதும். பிறகு பேர் கிடைத்தால் மாற்றலாம், பதிவு நம்பர் மாறாது.' சரியான வீடு. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஈசாக் சார் வந்தார். "பேரில்லாத ஆளு என்ன ஆச்சு?"

"ஓர்மை வந்து கண்ணு முழிச்சிட்டாரு சார். மகளும் வந்திருக்கா. பேரு பொன்னையன்," என்றாள் ஆலீஸ். "மாத்திக்கிட்டிருக்கேன்."

"வேற யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல சார். எல்லாரையும் ஏத்தியாச்சு."

அவர் தலையசைத்தார். வாசல்வரை போனவர் நின்று, லேகாவின் நனைந்த சேலையை அப்போதுதான் பார்த்தார். "நீ எப்ப வந்த? அந்த பார்மஸி பிள்ளைகளும் என்கிட்ட வந்து ஓரோண்ணு கேக்குதுவ. அங்கயும் இதுபோல எழுதி வச்சுக் குடு."

"சரி சார்," என்றாள் லேகா. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவர் போனபின் ஆலீஸ் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தாள். "உன்னைய விளிக்கணும்னு தோணவே இல்ல மக்கா," என்று, மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

லேகா வெளியே வராந்தாவுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. பெஞ்சில் பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கொரு காயக்கட்டோடு பால் இல்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் பஞ்சு ஒட்டிய கண்டக்டர், நனைந்த டிக்கெட் கட்டுகளைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் கம்பிகளுக்கு இடையே ஒவ்வொன்றாகச் செருகிக் காயவைத்துக்கொண்டிருந்தார். காற்றில் அவை படபடத்தன.