பந்தைத் தள்ளிவிடுகிறவள்

ஹாக்கி அணியில் பொடிசு என்றால் எல்லாருக்கும் இளக்காரம். மூன்று வருடமாக ஆட இறக்காமல் பெஞ்சைத் தேய்த்தவள். அம்மா தையல்காரி; மகளின் ஆட்டச் சட்டையைப் பாதியாக வெட்டித் தைத்துக்கொண்டே, "சட்டைய நீ போட்டிருக்கியா, சட்டை உன்னைப் போட்டிருக்காடி?" என்று சிரிப்பாள்.

இந்த வருடம் கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இந்தப் போட்டியோட சரிம்மா. அடுத்த வருஷம் உயரமான பிள்ளைங்கதான் வேணும்." போகச் சொன்னதும் போய்விடுகிற ஆளா அவள்?

எதிரணி தப்பு செய்தால் கோலடிக்கக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், கோல் கம்பத்துக்குப் பக்கத்து எல்லைக் கோட்டிலிருந்து கேப்டனுக்குப் பந்தைத் தள்ளிவிடும் வேலை யாருக்கும் பிடிக்காது. சரியாகத் தள்ளினால் பேர் கிடையாது. தவறினால் திட்டு மட்டும் தவறாது. அந்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேப்டன் நிற்கும் இடத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்து, காலையில் இருநூறு தடவை, மாலையில் இருநூறு தடவை தள்ளினாள். இடுப்பு கழன்றுபோனது. ஆனால் ஆட்டங்களில் தள்ளும்போது ஒன்று கண்ணில் பட்டது. பந்து கிளம்பியதும் எதிரணி மொத்தமும் கேப்டனை நோக்கித்தான் பாய்கிறது. தள்ளியவளை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

இறுதிப் போட்டி. இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடத்தில் ஒரு கார்னர். கேப்டன் அதற்குள் அடித்த மூன்று கார்னரையும் எதிரணி தடுத்துவிட்டது.

"அக்கா, அடிக்கிற மாதிரி காட்டிட்டு எனக்கே திருப்பிக் கொடுங்க."

"விளையாடுறியாடி? உன்ன நம்பியா?"

"என்னை யாரும் பாக்கமாட்டாங்கக்கா. மூணு வருஷமா நீங்களே பாக்கலியே!"

கேப்டனுக்குச் சுருக்கென்றது. தன் இடத்துக்குப் போனாள்.

பொடிசு தள்ளினாள். கேப்டன் மட்டையை ஓங்கினாள். நான்கு பேர் அவள்மேல் பாய, கோல்கீப்பர் ஒரு பக்கமாக விழுந்தாள். கேப்டன் அடிக்காமல் தட்டிவிட்ட பந்து, கம்பத்தருகே ஓடிவந்த பொடிசிடம் திரும்பியது. ஒரே தட்டு, கோல்! மைதானமே எழுந்து நின்று கத்தியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த வருட அணியில் முதல் ஆளாக அவளை எழுதியவர் அதே கோச்தான்.

அந்த வருடத்தின் முதல் ஆட்டம், முதல் கார்னர். எதிரணிக் கேப்டன் தொண்டை கிழியக் கத்தினாள்: "அந்தக் குட்டச்சிய விடாதீங்கடி! ரெண்டு பேர் அவகூடவே நில்லுங்க!"

பொடிசுக்குக் காது குளிர்ந்தது. பந்தின் மேல் குனிந்தவள் வாயெல்லாம் பல்லாகத் தன் கேப்டனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இப்போ நீங்க அடிங்க. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."