மைலுக்கு நாலு அங்குலம்

மந்தைவெளி கணித ரசிக சபாவில் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. பொன்னாடை போர்த்தத் தெரிந்தவர்கள் நிறைய. 1972 மார்கழியில் அவர்களிடம் சிக்கியவர், ஆபீஸ் சூப்பிரண்டாக ஓய்வு பெற்ற அனந்தராமன். எந்த வட்டத்தைக் கொடுத்தாலும் பக்கத்திலேயே ஒரு செங்கோண முக்கோணம் வரைந்துவிடுவார். அதன் கர்ணம் வட்டத்தின் சுற்றளவில் துல்லியமாகப் பாதி என்பார். 'வட்டத்தை வென்ற வித்தகர்' என்று அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது.

பாக்கி, அது துல்லியமாகப் பாதிதான் என்று ஒரு சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட எம்.எஸ்ஸி. கணிதம் படித்த ஆள் வேண்டும். சபாவுக்குத் தெரிந்த ஒரே எம்.எஸ்ஸி., அனந்தராமனின் மருமகள் சீதா.

சீதா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். முக்கோணம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கர்ணம் பாதிக்கு ஒரு மயிரிழை குறைந்தது.

"அப்பா, ஒரு மைல் விட்டமுள்ள வட்டம்னா, சுற்றளவுல நாலு அங்குலம் உதைக்கறது" என்றாள் மாமனாரிடம்.

"ஒரு மைலுக்கு எவன் வட்டம் போடப்போறான்? தெப்பக்குளத்தைச் சுத்தினாலும் அத்தனை வராது."

"போடலைன்னா போகட்டும். துல்லியம்னு மட்டும் சொல்லாதீங்கோ."

அவள் கணவன் பத்ரிநாராயணன் சமாதானத்துக்கு வந்தான். "ஊரே கொண்டாடறது. ஒரு கையெழுத்துதானே சீதா?"

"அப்போ நீங்களே போடுங்கோ."

"நான் பி.காம்."

"பி.காமுக்கு இருக்கற கூச்சம் எம்.எஸ்ஸி.க்கு இருக்கப்படாதா?"

அனந்தராமன் வாக்குவாதத்தை நிறுத்திக்கொண்டார். முந்நூறு பேர் முன்னால் மேடையில் நீட்டினால் மருமகள் மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கும் துல்லியமில்லை.

விழாவில் செயலாளர் சான்றிதழை நீட்டினார். சீதா மறுக்கவில்லை, பேனாவை வாங்கி, 'துல்லியமாக' என்ற சொல்லை அடித்து, மேலே 'ஏறக்குறைய' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு மைக்குக்கு நேராக நின்று, திருத்தியபடியே கணீரென்று வாசித்தாள்.

செயலாளருக்கு வியர்த்தது. "அம்மா, இதுக்குக் கண்ணாடிச் சட்டமெல்லாம் வாங்கியாச்சே."

"மாட்டுங்கோ. அளவு மாறலையே."

பொன்னாடைக்குள்ளிருந்து அனந்தராமன் உறுமினார்: "ஆத்துக்கு வா, பேசிக்கறேன்."

"வரேம்பா. கரும்பலகை வாங்கிண்டு வரேன்" என்றாள் சீதா. மைக்கை யாரும் இன்னும் அணைத்திருக்கவில்லை.