பின் இருக்கைக்கு ஆள் இல்லை

எங்கள் ஹெலிகாப்டர் பிரிவை நவீனமாக்கிவிட்டார்களாம். இருபத்தெட்டு வயது இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து, விமானி முன்னால் நான்கு வண்ணத் திரைகளை மாட்டிவிட்டால் நவீனம். கியர்பெட்டி அதே பழசுதான். அது புகைப்படத்தில் தெரியாதே.

நான் இங்கே பத்தொன்பது வருட மெக்கானிக். எங்கள் கொட்டகையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், முதல் பறப்பில் பின் இருக்கையில் உட்கார வேண்டும். அதனால் ஒருவனும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதில்லை. புது முறையில் எங்கள் கையெழுத்தே வேண்டாம். கருவிகள் தகவல் அனுப்பும், தலைமையகத்தில் யாரோ பட்டனைத் தட்டுவார், திரையில் பச்சை எரியும்.

புது முறையைப் பறந்து காட்டும் விழாவன்று காலையிலும் பச்சை எரிந்தது. மேலிடத்து ஆட்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டப்போவது என் தங்கையின் கணவன். தங்கைக்கு ஏழு மாதம். எனக்கு மனசு கேட்கவில்லை. கியர்பெட்டியின் அடியில் காந்தம் வைத்த திருகு ஒன்று உண்டு. பல்சக்கரம் தேய்ந்தால் இரும்புத் துணுக்குகள் எண்ணெயோடு வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பட்டியலில் அதைப் பார்க்கச் சொல்லவில்லை. கழற்றினேன். அரிசிக் குருணை அளவில் மூன்று துண்டுகள்.

மாப்பிள்ளையிடம் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது, ஆனாலும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே எங்கள் பிரிவு அதிகாரியிடம் போனேன். அவர் என் உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார்.

"பச்சை காட்டுதில்ல? மாட்டிட்டுத் தள்ளி நில்லு."

"அப்ப பச்சை குடுத்தவர் வந்து பின்னால உக்காரட்டும் சார்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் துண்டுகளை இடது கையில் பொத்திக்கொண்டு, திருகைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தத் துளையை மூடாமல் எண்ணெய் நிற்காது. காவலர் இருவர் வந்து என் வலது கையை முறுக்கித் திருகை எடுத்தார்கள். வேறொரு மெக்கானிக் தலையைக் குனிந்தபடி அதை மாட்டினான். என்னைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை தன் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை அதிகாரியிடம் நீட்டினார்.

"நீங்க பின்னால உக்காருங்க சார். நான் ஓட்டுறேன்."

அதிகாரி ஹெல்மெட்டை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். கையைத் திறக்கச் சொன்னார். மூன்று துண்டுகளையும் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். சிறிது நேரத்தில், காற்று சரியில்லை, இன்று பறப்பு இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெளியே கொடி அசையவே இல்லை.

மறுவாரம் கியர்பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு பற்கள் உடைந்திருந்தன. எனக்கு இடமாற்றம், மாப்பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. போகட்டும், ஆள் உயிரோடு இருக்கிறார். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். புதிய கண்காணிப்பு முறை பழுதை உரிய நேரத்தில் கண்டுபிடித்ததாம். அடியில் அதிகாரியின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக. அதைப் போட அவர் துளியும் தயங்கியிருக்க மாட்டார். காகிதத்தில் ஏறி யாரும் பறக்க வேண்டியதில்லை.