இருபது கமெராக் கல்யாணம்

தியாகலிங்கத்துக்கு ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்றால் உயிர். நூற்று முப்பது சொச்சம் வருடங்களுக்கு முன், வசதியுள்ளவர்கள் விறைத்துக்கொண்டு நின்று படம் பிடித்த காலத்தில், ஒரு சின்னக் கமெராப் பெட்டியைச் செய்து சாதாரண சனத்தின் கையிலும் கொடுத்தவர் அந்த அமெரிக்கர். ஆக்லாந்து நகரின் பிளாக்ஹவுஸ் பேயில் தியாகலிங்கத்தின் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

மகள் பிரணவியின் கல்யாணத்துக்குப் படக்காரர் வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதும் இந்தப் பைத்தியத்தால்தான்.

“ஈஸ்ட்மன் எல்லாற்ற கையிலையும் கமெராவைக் குடுத்திட்டுப் போயிட்டார். பிறகு ஏன் ஒருத்தன் மணவறையை மறைச்சுக்கொண்டு நிக்க வேணும்?”

மேசைக்கு ஒன்றாகப் பத்தொன்பது ஃபிலிம் கமெராக்கள். கைபேசிகளெல்லாம் வாசலில் ஒரு கூடையில். பிரணவிக்கும் இது பிடித்திருந்தது. மனைவி ரதிதேவிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“எங்களுக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. அவளுக்குத் தாலி கட்டுற படம் ஒண்டாவது ஒழுங்கா வேணும், சொல்லிப்போட்டன்.”

ஆனாலும் கமெராக்கள் மொட்டையாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தங்க நிற ரிப்பன் கட்டி, குங்குமப் பொட்டலம் ஒன்றும் செருகினாள். ஐயரின் தாம்பூலத் தட்டிலும் இருபதாவதாக ஒன்றை வைத்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. மவுண்ட் ஆல்பர்ட் மண்டபத்தில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சனம் கலைந்தபோது மேசைகள் துடைத்துவிட்டாற்போல இருந்தன. ரிப்பன் கட்டி, குங்குமம் வைத்த பொருளை மேசையிலேயே விட்டுப்போக நம் சனத்துக்கு என்ன பைத்தியமா? கல்யாண வீட்டு அன்பளிப்பு என்று ஆளுக்கொன்றாகப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

தியாகலிங்கம் வெறும் மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே மகளின் கல்யாணம், கையில் ஒரு படம்கூட இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் ஆக்லாந்துத் தமிழர் முழுப்பேரும் சிரிப்பார்கள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஈஸ்ட்மனே கைகொடுத்தார். அவருடைய முதல் பெட்டியை வாங்கியவர்கள் ஃபிலிம் சுருள் முடிந்ததும் அதை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பறிப்பதல்ல அது, சேவை! தியாகலிங்கம் உடனே வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘மிச்சப் படங்களையும் எடுத்து முடித்துவிட்டுக் கமெராவைத் தாருங்கள். படங்களோடு புதுக் கமெராவும் தருவோம்.’

இரண்டு கிழமைக்குள் பத்தொன்பதும் வந்து சேர்ந்தன. கழுவிப் பார்த்தால் வடை, வடை, யாருடையதோ கட்டைவிரல், கிளென் ஈடனில் யாரோ வளர்க்கும் பூனை ஒன்று பதினாறு கோணத்தில். தாலி கட்டும் நேரமோ? அட்சதை போட எழுந்தவர்களின் முதுகுகள். பத்தொன்பது கமெராவிலும் முதுகுகள். ரதிதேவி குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சம் ஐயருடையது. தட்சணையோடு வைத்ததை எந்த முகத்தோடு கேட்பது? வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

ஐயர் சிரித்துக்கொண்டே கமெராவை எடுத்துக் கொடுத்தார். “அண்டைக்கு நான் ஒண்டு எடுத்தனான். வாய்தானே மந்திரம் சொல்லிச்சுது, ஒரு கை சும்மாதானே இருந்தது.”

கழுவிப் பார்த்தால், மணவறைக்குள்ளிருந்து எடுத்த ஒரே படம் அது. மாப்பிள்ளை பிரசாத்தின் கைகள் பிரணவியின் கழுத்தில் இருந்தன. தலை குனிந்திருக்க வேண்டிய பெண் குனியவில்லை, பக்கத்தில் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ கண்ணை இறுக மூடி, வாயைக் கோணிக்கொண்டு, தலையெல்லாம் அட்சதையாக அழுதுகொண்டிருந்தார். தாம் மலைபோல நின்றதாகத்தான் அதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

“என்ர மூஞ்சையைப் பார். கிழிச்சுப்போடு பிள்ளை,” என்றார்.

பிரணவி படத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

“அண்டைக்கு நீங்கள் கண்ணை மூடிட்டீங்கள் அப்பா. இப்ப பாருங்கோ.”

தியாகலிங்கம் பார்த்தார்.